பூனையாரின் பல்

பூம்புகார்க் கடற்கரையில் மீன் வலையை உதறினால் முதல் விருந்தாளி பூனையார்தான்! பட்டணத்து வீடுகளில் வளரும் பூனைக்கோ கடையில் விற்கும் தீனி. "உலர்ந்த தீனியைக் கடித்தால் பல் தானே சுத்தமாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பூனைக்குப் பற்கள் 30. சாதாரண உலர் தீனி பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும். காறை படிவதோ ஈறோரத்தில். ஈரத் தீனியில் நீர் அதிகம். தண்ணீர் குடிக்கச் சோம்பும் பூனைக்கு அது நல்லது. ஆனால் அதுவும் பல்லைத் துலக்காது.

ஆகவே, எந்தத் தீனி போட்டாலும், மெத்தென்ற பிரஷ்ஷால் குட்டியிலிருந்தே பல் துலக்கிப் பழக்குங்கள். நாம் உபயோகிக்கும் பற்பசை மட்டும் கூடாது. பூனை அதை விழுங்கிவிடும், கெடுதல். வாய் நாற்றம், எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாகவே மெல்லுதல் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பசியிருந்தும் தட்டை முகர்ந்துவிட்டு நகரும் பூனைக்கு, வலி என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதல்லவா?