மறவாத மருத்துவக் குறிப்பேடு

மாணவர்களே! காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டு, காய்ச்சல் போனதும் குப்பைக்குப் போய்விடும். எச்.ஐ.வி. தொற்று உடையவருக்கோ அப்படியல்ல. அவர் ஆயுள் முழுவதும், தவறாமல் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் விட்டுப்போனால் வைரஸ் அந்த மருந்துக்கு மசியாததாக மாறிவிடக்கூடும். எந்த மருந்து எப்போது மாற்றப்பட்டது, இரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் எத்தனை இருந்தன என்பன பத்து ஆண்டு கழித்தும் மருத்துவர் கைக்கு எட்ட வேண்டும்.

கென்யா நாட்டின் மோசோரியட் சுகாதார நிலையத்தில் 2001இல் இரண்டு கணிப்பொறிகளையும் ஓர் அச்சுப்பொறியையும் கொண்டு நோயாளர் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார்கள். மின்சாரம் நின்றால் சூரிய ஒளியில் மின்னேற்றிய மின்கலங்கள் கைகொடுத்தன. அருகிலுள்ள எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. சிகிச்சை பெருகியபோது அந்த ஏற்பாடு போதவில்லை. அத்தேவையிலிருந்து 2004இல் உருவானதே ஓபன் எம்.ஆர்.எஸ். என்னும் திறந்த மென்பொருள். புதிய பரிசோதனை ஒன்று வந்தால் அட்டவணையையே மாற்றிக் கட்ட வேண்டியதில்லை. அகராதியில் சொல் சேர்ப்பதுபோல் அதன் பெயரைச் சேர்த்தால் போதும்.

சரி, ஒரே பெயரில் பலர் இருப்பார்களே! ஆகவே ஆளுக்கோர் எண். ஆனால் 1234 என்பதை 1324 என்று அடித்துவிட்டால்? ஒருவருடைய மருந்து மற்றவர் ஏட்டில் ஏறிவிடும்!

இதைத் தடுக்க, ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எளிய கணக்கு உதவுகிறது. வலக்கோடியில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். 4 எட்டாகும், 2 நான்காகும். (இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழிக்க வேண்டும்.) 8+3+4+1=16. இருபதை எட்ட 4 குறைகிறது. எனவே எண் 1234-4. இனி 1324-4 என்று அடித்துப் பாருங்கள்: 8+2+6+1=17; நான்கைக் கூட்டினால் 21. பத்தால் வகுபடவில்லை; கணிப்பொறி ஏற்க மறுக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதில், 09ம் 90ம் மட்டுமே இதை ஏமாற்றும். ஏன்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

எல்டோரெட்டில் மருத்துவர்கள் தாளில்தான் எழுதினார்கள். எழுத்தர்கள் அதைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது. மின்வெட்டில் பேனா நிற்காதல்லவா? அடுத்த முறை நோயாளர் வரும்போது, அவருடைய வரலாற்றுச் சுருக்கம் அச்சாகிக் கோப்பில் தயாராக இருக்கும். சி.டி.4 பரிசோதனைக்குக் காலம் கடந்திருந்தால், அந்தச் சுருக்கத்திலேயே நினைவூட்டல் இருக்கும். இதனால் பயன் உண்டா என்று ஆராய்ந்தார்கள். நினைவூட்டல் இல்லாதபோது, காலம் கடந்த 100 வருகைகளில் 38இல்தான் மருத்துவர் பரிசோதனை எழுதினார். நினைவூட்டல் ஏற்பாடு செய்திருந்த இடத்தில் 53இல் எழுதினார். 2011இல் வெளியான முடிவு இது. மீதி 47இல் எழுதவில்லை!