வேதாளமும் வீட்டுப் பிள்ளையும்

பரமபதப் பலகையை அறியாத தமிழர் நம்மில் மிகச் சிலரே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வீட்டார் அனைவரும் அதனைச் சூழ்ந்து அமர்வர். தாயக்கட்டை உருளும், ஒருவர் ஏணியில் ஏறுவார், மற்றொருவர் பாம்பின் வாயில் அகப்பட்டு அடிமட்டத்துக்கு வருவார். மும்பையில் குடியேறிய நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்களுள் இந்தப் பலகையும் ஒன்று. நம் மராட்டிய அண்டை வீட்டாரும் இதைப் போன்ற ஒன்றை மோட்சபடம் என்று வழங்குவர். ஞானேசுவரர் அதனை வகுத்தார் என்பது அவர்கள் மரபு.

அவ்விளையாட்டின் நீதி எளிமையானது. நற்குணம் ஏணி, தீக்குணம் பாம்பு. எது ஏணி, எது பாம்பு என்பது ஆட்டம் தொடங்கும் முன்னரே பலகையில் தீட்டப்பட்டிருக்கிறது. ஆடுபவர் தாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. விழுந்த எண்ணின்படி நகர்ந்தால் போதும். சிறு பிள்ளைகளுக்கு இது தக்க பாடமே. எனினும் வளர்ந்தவர்கள் அறிவார்கள்: வாழ்க்கைப் பலகையில் பாம்பின் மேல் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. சில வேளைகளில் இரண்டு வழியும் பாம்பாகவே இருக்கும்.

இந்த உண்மையை நம் முன்னோர் வேறொரு கதை மரபில் வைத்தனர். அதுவே வேதாளக் கதை. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அது இடம் பெற்றிருக்கிறது. தமிழ் நாட்டுக்கு வந்தபோது வேதாளம் முருங்கை மரத்தில் குடியேறிவிட்டது! சுடுகாடு, நள்ளிரவு, மரத்தில் தொங்கும் பிணம், அதனைத் தோளில் சுமந்து செல்லும் அரசன். இவ்வளவு இருண்ட களத்தில் நடப்பது அறநெறி ஆராய்ச்சி. வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விதிமுறையும் பணயமும் கொண்ட ஒரு விளையாட்டே இது எனலாம்.

நாம் சிறு வயதில் தாராவியில் வளர்ந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் எங்கள் வரிசை வீடுகளில் இருந்தார். 1985ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் இராமானந்த சாகரின் ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடர் வந்தபோது அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்து பார்த்தோம். இந்தி தெரியாத ஆச்சி அதே கதையை மறுநாள் தமது முறையில் சொல்வார். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய பழைய ‘அம்புலிமாமா’ இதழ்களில் ஓவியர் சங்கர் தீட்டிய அந்தப் படமும், வாளேந்திய அரசனும் தோளில் வேதாளமுமாக, நம் மனத்தில் பதிந்திருந்தது. ஆனால் நம்மைப் பிடித்துக்கொண்டது ஆச்சியின் வழக்கம் ஒன்று. கேள்வி வந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். “ராசா சொன்னது கிடக்கட்டும்; நீ சொல்லு” என்பார். நாங்கள் சண்டையிட்டு முடித்த பின்னரே கதை நகரும்.

அவற்றுள் ஒன்றை நேயர்கள் நினைவுகூரக்கூடும். தேவி கோயிலில் ஒரு பெண்ணின் கணவனும் உடன்பிறந்தானும் தங்கள் தலைகளைத் தாமே துணித்துக்கொள்கின்றனர். தேவி உயிர் தர இசைகிறாள். பதற்றத்தில் அப்பெண் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இப்போது அவளுக்குக் கணவன் யார்? உறுப்புகளுள் தலையே முதன்மையானது. ஆதலால் கணவனின் தலை பொருந்தியவனே கணவன் என்றான் அரசன். அத்துடன் கேள்வி முடிந்துவிட்டதா? இல்லை. ஜெர்மானிய எழுத்தாளர் தாமசு மான் 1940இல் அக்கதையை எடுத்து மறுபடியும் அலசினார். கிரீசு கர்னாட் 1971இல் ‘ஹயவதனா’ என்னும் கன்னட நாடகத்தில் அதை மேடையேற்றினார். நல்ல கேள்விக்கு ஒரு விடை போதுவதில்லை.

மற்றொன்று கடைசிக் கதை. தந்தை மகளையும், மகன் தாயையும் அறியாது மணந்துகொள்ள, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? இதற்கு அரசனால் விடை கூற இயலவில்லை, மௌனமாக நடந்தான். அந்த மௌனத்தை மெச்சியே வேதாளம் அவனுக்கு உயிர் காக்கும் இரகசியத்தைச் சொல்லிற்று. அறியாததை அறியேன் என ஒப்புவதும் அறிவே என்பது அதன் உட்பொருள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். செம்பூரில் நம் இல்லத்தில் கல்லூரி மாணவனான மகன் ஒருவன் இருக்கிறான். கணினியில் அவன் ஆடும் விளையாட்டுகளை நாம் நெடுநாள் வெறும் வெட்டுக்குத்து என்றே எண்ணியிருந்தோம். ஓரிரவு அவன் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தவாறு அமர்ந்திருந்தான். என்னவென்று வினவினோம். “இரண்டில் எதைச் செய்தாலும் யாரோ சாவார்கள் போல இருக்கிறது, அப்பா” என்றான். முருங்கை மரத்து வேதாளம் செம்பூருக்கும் வந்துவிட்டதென்று அப்போதுதான் உணர்ந்தோம்.

அவன் ஆடியது ‘தி விட்சர் 3’ என்னும் விளையாட்டு. போலந்து நாட்டு எழுத்தாளர் ஆந்திரெய் சப்கோவ்ஸ்கி 1986 முதல் எழுதிய கதைகளைத் தழுவி, அந்நாட்டு ‘சிடி புரொஜெக்ட் ரெட்’ நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டு வெளியிட்டது. கெரால்ட் என்பவன் கூலிக்குப் பேய்களையும் பூதங்களையும் வேட்டையாடும் வீரன். தான் பெறாது வளர்த்த மகள் சிரியை அவன் தேடிச் செல்வதே கதை. ஆங்காங்கே திரையில் இரண்டு மூன்று வாக்கியங்கள் தோன்றும். கெரால்ட் எதைச் சொல்ல வேண்டும் என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்முடிவைக் கணினி சித்திரகுப்தன் ஏட்டில் போலப் பதிந்துகொள்ளும். பலன் உடனே தெரியாது. பல மணி நேர ஆட்டத்துக்குப் பின்னர், எதிர்பாராத இடத்தில் அது எதிர்ப்படும்.

போரால் சீரழிந்த வேலன் என்னும் நாட்டுப்புறத்தில் பிலிப் ஸ்ட்ரெங்கர் என்ற கோட்டைத் தலைவன் ஒருவன் வருகிறான். காணாமற்போன மனைவியையும் மகளையும் தேடித் தந்தால் சிரியைப் பற்றிச் சொல்வதாகக் கூறுகிறான். முதலில் அவன் துயருற்ற தந்தையாகத் தோன்றுகிறான். பின்னர் உண்மை வெளிப்படுகிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் அவனே, அவள் கருச்சிதைவுற்றாள், பெயரிடாது புதைக்கப்பட்ட அச்சிசு இப்போது பேயாகத் திரிகிறது. கெரால்ட் அப்பேயைக் கொல்லலாம். அன்றேல், தந்தையே அதைக் கையில் ஏந்திச் சென்று, வீட்டு வாயிலில் பெயரிட்டுப் புதைத்துச் சாந்தி செய்யலாம். தான் செய்த வினையையே பிணமாகச் சுமந்து இருட்டில் நடக்கும் அம்மனிதனைக் கண்டபோது, சங்கர் தீட்டிய படம் நம் கண் முன் வந்து நின்றது.

நம் மகன் தயங்கிய இடம் அதன் பின்னர் வருவது. குன்றின் மேல் ஒரு பெருமரம். அதன் அடியில் சிறைப்பட்ட ஆவி ஒன்று. தன்னை விடுவித்தால் சதுப்பு நிலத்து அனாதைக் குழந்தைகளைக் காப்பதாக அது வாக்களிக்கிறது. அதைக் கொல் என்று சதுப்பு நிலச் சூனியக்காரிகள் பணிக்கின்றனர். எவரை நம்புவது? விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கின்றனர். ஆனால் அருகிலுள்ள சிற்றூர் அழிகிறது. தலைவனின் மனைவி சூனியக்காரிகளின் சாபத்தால் மடிகிறாள். அவனும் தூக்கிட்டு மாள்கிறான். கொன்றாலோ அம்மனைவி சித்தம் கலங்கியவளாய் உயிர் பிழைக்கிறாள். கணவன் அவளைக் குணப்படுத்தத் தொலைதூரம் அழைத்துச் செல்கிறான். ஆனால் குழந்தைகள் இல்லாமற்போகின்றனர். இவ்விரண்டில் ஏணி எது, பாம்பு எது?

மகன் ஆவியை விடுவித்தான். மூன்று நாள் கழித்து, தூக்கில் தொங்கிய தலைவனைத் திரையில் கண்டான். முன்பு சேமித்த இடத்துக்குச் சென்று முடிவை மாற்றிக்கொள்ள அவ்விளையாட்டில் வழியுண்டு. அவன் மாற்றவில்லை. “செய்தது நான்தானே” என்றான். தன் மனநிலைக்குத் தமிழில் சொல் கிடைக்காமல் ‘கில்ட்’ என்றான். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அது வேலையாயிற்று. பிறர் நம்மேல் சுமத்துவது பழி. செயலைப் பற்றிக்கொண்டு வருவது பாவம். நடந்து முடிந்ததை எண்ணி மனம் இரங்குவது கழிவிரக்கம் என்று பிரித்துச் சொன்னோம். கழிவிரக்கம் என்ற சொல்லை அவன் இருமுறை சொல்லிப் பார்த்தான். இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் வெளியில் ஆளும் நகரத்தில், அடுக்களைக்கும் சாப்பாட்டுக்கும் உரியதாகவே அவனிடம் சுருங்கியிருந்த தமிழ், அன்றிரவு அறத்தைப் பேசிற்று.

ஆட்டத்தின் முடிவில் மேலும் ஒரு வியப்பு காத்திருந்தது. சிரி பிழைப்பாளா, மாட்டாளா என்பது கெரால்ட்டின் வாள்வலிமையைப் பொறுத்ததன்று. தந்தையாக அவன் நடந்துகொண்ட சில சிறு தருணங்களைப் பொறுத்தது. மூத்தவர் ஒருவரை இழந்து அவள் சோர்ந்திருக்கையில் குடிக்க அழைத்தானா, பனிக்கட்டி எறிந்து விளையாடி மனம் தேற்றினானா? ஆற்றல் மிக்க மந்திரப் பெண்களின் அவைக்கு அவளைத் தனியே செல்ல விட்டானா, தானும் உடன் நுழைந்தானா? அவள் சினந்தபோது அடக்கினானா, சினம் தணிய இடம் கொடுத்தானா? நண்பனின் கல்லறைக்குச் செல்ல விரும்பியபோது நேரமில்லை என்றானா? இவை ஒவ்வொன்றும் நடக்கும்போது அற்பமாகவே தோன்றும். அவள்மீது நம்பிக்கை வைத்த தருணங்கள் போதிய அளவு இருந்தால், தனித்து நின்று பெருந்தீமையை எதிர்கொண்டு மீள்கிறாள். இல்லையேல் மீள்வதில்லை.

நம் மகன் முதல் ஆட்டத்தில் அவளை இழந்தான். அவைக்குள் அவளுடன் சென்றதும் ஒரு காரணம் என்று பின்னர் அறிந்தான். “உதவி என்று நினைத்துத்தான் கூடப் போனேன்” என்றான். அதைக் கேட்டு நாம் ஏனோ தலை குனிந்தோம். சில வாரங்களில் ஓவியப் பயிற்சி நிலையம் ஒன்றில் அவனுக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. அவன் வணிகவியலை விட்டு அதற்குப் போவதே நமக்கு உவப்பாக இல்லை. ஆயினும் உடன் வந்து அங்குள்ளோரிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தோம். தேர்வு நாளன்று அவன், “வாசல் வரை வாருங்கள், அப்பா; உள்ளே நான் போகிறேன்” என்றான். வேதாளம் கேள்வி கேட்டுவிட்டது. விடை நமக்குத் தெரியும். வாசலில் நின்றோம். அந்த முக்கால் மணி நேரம் நம் வாழ்வில் எளிதாகக் கழிந்ததன்று.

இவ்விளையாட்டைச் சிறுவர்களுக்கு நாம் பரிந்துரைக்கவில்லை. குருதியும் வேறு பல காட்சிகளும் நிறைந்தது அது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே ஐரோப்பாவில் தரவரிசை பெற்றிருக்கிறது. மேலும், எந்த விளையாட்டும் தானாக எவருக்கும் அறம் புகட்டிவிடாது. திரை கேள்வியைக் கேட்கும். பொத்தான் அழுத்தப்பட்டதும் அடுத்த காட்சிக்கு ஓடிவிடும். அங்கே நிறுத்தி, “நீ ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கேட்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தாராவி ஆச்சி செய்தது அதைத்தான்.

தொழில் தேடி வந்த ஊரில் பிள்ளைகளுடன் பேசப் பொருளில்லை என்று வருந்தும் பெற்றோர் நம்மிடையே பலர். பிள்ளைகள் ஆடும் அறைக் கதவை ஒருநாள் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆட்டத்தைக் கற்க வேண்டியதில்லை. கதையை மட்டும் கேளுங்கள். நீ என்ன முடிவு செய்தாய் என்று தமிழில் வினவுங்கள். விடையைத் திருத்த விரையாதீர்கள். கடைசிக் கேள்விக்கு விக்கிரமாதித்தனே மௌனமாகத்தான் நடந்தான்.

ஓவியப் பயிற்சி நிலையத்தில் நம் மகனுக்கு இடம் கிடைத்தது. அவன் தீட்டிய முதல் படத்தில் ஒரு மனிதன் பிணத்தைச் சுமந்து நடக்கிறான். பின்னணியில் இருப்பது முருங்கை மரம்.