கோட்டில் குத்திய கடன் கணக்கு

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கென்டக்கி மாநிலத்து உறுப்பினர் தாமஸ் மாஸியை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் கோட்டில் கொடி குத்தியிருக்கும் இடத்தில் இவர் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிஜிட்டல் பலகையைக் குத்தியிருப்பார். அதில் நாட்டின் கடன் தொகை ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி இலக்கங்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறும். மாஸி எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். பண்ணையில் மாடு வளர்க்கிறார், சூரிய மின்சாரத்தில் வீட்டை நடத்துகிறார். துப்பாக்கி உரிமை, வரி வெறுப்பு, அரசின் மீது அவநம்பிக்கை என ஓர் அமெரிக்கப் பழமைவாதிக்கு உரிய லட்சணங்கள் எல்லாம் பொருந்தியவர்.

2025 ஜூலையில் ட்ரம்ப்பின் ‘ஒரு பெரிய அழகான மசோதா’ அந்தச் சபையில் 218-214 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர். அவர்களில் ஒருவரான மாஸி சொன்ன காரணம், மசோதா கடனைக் கூட்டும் என்பது. நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே பத்தாண்டுகளில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும் என்று கணக்குப் போட்டிருந்தது. அவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க ட்ரம்ப் தரப்பு அதற்கு முன்பே பணம் திரட்டத் தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டாகச் சிக்கனத்தைக் கொள்கையாக முழங்கிவரும் கட்சியில், சிக்கனம் பேசியவருக்குக் கிடைத்த மரியாதை இது.

இதை வெறும் வேஷம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. இடதுசாரிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓஹாயோவிலோ டெக்சஸிலோ சிறு தொழில் நடத்தும் ஒருவர், “விரலுக்குத் தகுந்த வீக்கம் எனக்கு மட்டும்தானா, வாஷிங்டனுக்குக் கிடையாதா?” என்ற பொருளில் கேட்கும்போது அது மனதிலிருந்துதான் வருகிறது. சிக்கல், அரசு செலவழிக்கும் பணம் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது.

2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசு செலவழித்தது ஏறத்தாழ 6.8 லட்சம் கோடி டாலர். அதை நூறு டாலராகச் சுருக்கிப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் முதியோர் ஓய்வூதியத்துக்குச் சுமார் 22 டாலர். முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 13. ஏழைகளுக்கான மெடிகெய்டுக்கு 9. ராணுவத்துக்கு 13. வாங்கிய கடனுக்கு வட்டி 13. ஐந்து இனங்களிலேயே எழுபது டாலர் காலி. முன்னாள் ராணுவத்தினருக்கான செலவையும் கழித்தால், மிச்சம் இருப்பதற்குள்தான் நெடுஞ்சாலை, நீதிமன்றம், விண்வெளி, விவசாய மானியம், எல்லைக் காவல் எல்லாம் அடங்க வேண்டும். மேடைகளில் அதிகம் திட்டு வாங்கும் வெளிநாட்டு உதவிக்குப் போவது சுமார் ஒரு டாலர்.

அந்தப் பெரிய இனங்களின் பயனாளிகள் யார்? முதியவர்கள், கிராமப்புறத்தினர், முன்னாள் ராணுவத்தினர். குடியரசுக் கட்சியின் வாக்குவங்கியும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

2009 கோடையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கூட்டங்கள் கொந்தளித்தன. தென் கரோலினாவின் சிம்ப்சன்வில் என்ற ஊரில் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் இங்லிஸ் நடத்திய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேர் மேல் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்று எச்சரித்தார். ஐயா, மெடிகேரை நடத்துவதே அரசாங்கம்தான் என்று இங்லிஸ் பணிவாக விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் இதை நகைச்சுவைத் துணுக்காகச் சுற்றுக்கு விட்டன. ஆனால் அந்த மனிதர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்தம் போயிருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அது தன் சேமிப்பு. அரசுச் செலவு என்றால் அடுத்தவனுக்குப் போவது.

இந்தச் சுவரில் முதலில் முட்டிக்கொண்டவர் டேவிட் ஸ்டாக்மன். 1981-இல் ரொனால்ட் ரீகன் அதிபரானபோது பட்ஜெட் இயக்குநராக வந்தவர், வயது 34. அரசாங்கமே பிரச்சினை என்று பதவியேற்பு உரையில் சொன்ன ரீகன், கடன் ஒரு லட்சம் கோடி டாலரை நெருங்குகிறது என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். ஆயிரம் டாலர் நோட்டுகளாக அடுக்கினால் அது 67 மைல் உயரம் வரும் என்று வார்த்தையில் படம் வரைந்தும் காட்டினார். வருமான வரியின் உச்ச விகிதம் 70 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது. வரி குறைந்தது, ராணுவச் செலவு கூடியது. இனி வெட்டியாக வேண்டும். ஸ்டாக்மன் உண்மையிலேயே வெட்டத் துடித்தவர். முன்கூட்டியே ஓய்வு பெறுவோரின் ஓய்வூதியத்தைக் குறைக்கும் யோசனை அந்த மே மாதம் வெளியானதும், செனட் அதற்கு எதிராக 96-0 என்று தீர்மானம் போட்டது. யோசனைக்கு ஆதரவாக ஆளுங்கட்சியிலிருந்துகூட ஒரு கை உயரவில்லை.

அந்த மாதங்களில் ஸ்டாக்மன் வாஷிங்டன் போஸ்ட்டின் வில்லியம் க்ரைடரிடம் காலைச் சிற்றுண்டி மேசையில் மனம்விட்டுப் பேசிவந்தார். இந்த எண்கள் எங்களில் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டது டிசம்பரில் அட்லாண்டிக் இதழில் அச்சாகி வந்தது. ரீகன் கூப்பிட்டுக் கண்டித்தார். வேலை போகவில்லை. கடன்தான் நிற்காமல் போனது. ரீகன் விடைபெற்ற 1989-இல் அது இரண்டரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டிருந்தது. அந்த ஆண்டுதான் நியூயார்க்கின் கட்டட அதிபர் சீமூர் டர்ஸ்ட் நகரின் நடுவே கடன் கடிகாரம் ஒன்றை மாட்டினார். மாஸியின் பலகைக்கு மூதாதை அது.

இதற்கெல்லாம் முன்பே, 1976-இல், ஜூட் வன்னிஸ்கி என்ற பத்திரிகையாளர் கட்சிக்கு ஒரு உபதேசம் சொல்லியிருந்தார். ஜனநாயகக் கட்சி செலவு செய்யும் கிறிஸ்துமஸ் தாத்தா. அதை எதிர்த்து வெட்டு வெட்டு என்று முறைத்துக்கொண்டே இருந்தால் தேர்தலில் தேறாது, நாம் வரியைக் குறைக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேண்டும் என்பது அதன் சாரம். கட்சி இந்தப் பாடத்தை மட்டும் மறக்கவே இல்லை. மூத்த புஷ் 1988-இல் புது வரி கிடையாது என்று வாக்குக் கொடுத்து, 1990-இல் பற்றாக்குறைக்குப் பயந்து வரியை ஏற்றினார். பொறுப்பான காரியம்தான். 1992-இல் தோற்றார். வரி ஏற்றினால் பதவி போகும், பற்றாக்குறை ஏறினால் ஒன்றும் ஆகாது என்று கட்சி முடிவுகட்டியது அப்போதுதான் என்பேன்.

ஒருமுறை மட்டும் கணக்கு நேரானது. 1998 முதல் 2001 வரை அமெரிக்க பட்ஜெட்டில் உபரி. 2000-இல் மட்டும் 23,600 கோடி டாலர். கிளிண்டன் ஏற்றிய வரி, நியூட் கிங்ரிச் தலைமையிலான சபை போட்ட செலவுக் கடிவாளம், கணினித் தொழிலின் பூரிப்பு மூன்றும் சேர்ந்த பலன் அது. டர்ஸ்ட் குடும்பம் கடிகாரத்தை நிறுத்தியே வைத்தது. பிறகு இளைய புஷ் வந்தார். இரண்டு வரிக்குறைப்பு, இரண்டு போர், போதாததற்கு மெடிகேரில் மருந்துச் சலுகை. 2003 நவம்பரில் அந்த மருந்து மசோதாவுக்கு வாக்கு போதாமல், விடியும்வரை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வாக்கெடுப்பைத் திறந்தே வைத்து, தயங்கிய சொந்தக் கட்சியினரை ஒவ்வொருவராக வளைத்தார்கள். பெரிய அரசைப் பெரிதாக்க அன்று பாடுபட்டவர்கள் பழமைவாதத் தலைவர்களே. 2008-இல் கடன் பத்து லட்சம் கோடியைத் தாண்டியபோது கடிகாரத்தில் இலக்கத்துக்கு இடம் பற்றவில்லை. டாலர் குறியை எடுத்துவிட்டு அங்கே ‘1’ போட்டார்கள்.

ஒபாமா வந்ததும் அரசுச் செலவை எதிர்த்து டீ பார்ட்டி கிளர்ச்சி. 2010 தேர்தலில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்த வேகத்தில் கட்சி கடன் உச்சவரம்பைப் பிடித்து உலுக்கியது. அந்தச் சில ஆண்டுகளில் செலவுக்கு உண்மையிலேயே ஒரு மூக்கணாங்கயிறு விழுந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ட்ரம்ப் 2016-இல் மேடை மேடையாகச் சொன்னது, ஓய்வூதியத்திலும் மெடிகேரிலும் கைவைக்க மாட்டேன் என்பது. சிம்ப்சன்வில் மனிதரின் மனதை அவர் சரியாகப் படித்திருந்தார்.

ஆக, கைவைக்கக் கூடாத இடங்களைத் தவிர்த்துவிட்டு வெட்ட வேண்டும். அதற்கு வந்தவர் ஈலான் மஸ்க். 2024 தேர்தலுக்கு முன் 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிப்பேன் என்றார். 2025 பிப்ரவரியில் பழமைவாதிகள் மாநாட்டு மேடையில், அர்ஜென்டினா அதிபர் கொடுத்த மோட்டார் ரம்பத்தைத் தூக்கி ஆட்டினார். மத்திய அரசின் சிவில் ஊழியர்கள் அத்தனை பேரின் சம்பளச் செலவும் 2022 கணக்குப்படி சுமார் 27,000 கோடி டாலர்தான். ஒருவர் விடாமல் வீட்டுக்கு அனுப்பினாலும் அவர் சொன்ன தொகையில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. வெளிநாட்டு உதவி நிறுவனம் இழுத்து மூடப்பட்டது, பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டின் மொத்தச் செலவோ குறையவில்லை, கூடியது. மே இறுதியில் மஸ்க் விலகினார். ட்ரம்ப்பின் ‘அழகான மசோதா’வை அருவருப்பானது என்று திட்டவும் செய்தார்.

மசோதாவின் வெட்டு கடைசியில் மெடிகெய்டின் மீது விழுந்தது. மிசௌரி செனட்டர் ஜாஷ் ஹாலி, மெடிகெய்டை வெட்டாதீர்கள் என்று மே மாதம் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதினார். ஜூலை முதல் தேதி மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். அதே மாதம் 15-ஆம் தேதி, அந்த வெட்டுகளில் சிலவற்றை ரத்து செய்யத் தனி மசோதா கொண்டுவந்தார். (நம்மூர் அரசியல்வாதிகள் இதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்வார்கள்.) இதே சட்டத்தில் வெளிநாட்டுக்கு ரொக்கமாக அனுப்பும் பணத்துக்கு ஒரு சதவீத வரியும் ஒளிந்திருக்கிறது. ஐந்து சதவீதம் என்று பேச்சு அடிபட்டபோது இங்கே பல குடும்பங்கள் கலங்கின. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவதற்கு விலக்கு உண்டு என்பதால் சென்னைக்கும் கோவைக்கும் வரும் பணத்தில் பெரும்பகுதி தப்பித்தது.

நாடு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலும் கட்சிச் சாயத்தில்தான் வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதந்தோறும் நுகர்வோர் மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்கிறது. வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால், விலைவாசி மாறும் முன்பே குடியரசுக் கட்சிக்காரர்களின் நம்பிக்கையும் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் கவலையும் இடம் மாறிக்கொள்கின்றன. கடன் பற்றிய அச்சமும் அப்படியே. எதிரணி ஆளும்போது தூக்கம் கெடுகிறது.

ஆனால் பழைய பள்ளிப் பழமைவாதிகள் சொல்லிவந்தது இப்போது பலிக்கத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் வட்டிச் செலவு ராணுவச் செலவைத் தாண்டியது. 2025 மே மாதம் மூடிஸ் நிறுவனமும் அமெரிக்காவின் உச்சத் தரமதிப்பீட்டைப் பறித்தது. ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2011-லும் ஃபிட்ச் 2023-லும் ஏற்கெனவே பறித்திருந்தன. 2025 அக்டோபரில் கடன் 38 லட்சம் கோடி.

முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 தொடக்கத்தில் தீர்ந்துபோகும் என்று அதன் அறங்காவலர்கள் 2025-இல் அறிக்கை கொடுத்தார்கள். தீர்ந்தால், அவ்வப்போது வரும் வருவாய்க்குள்தான் கொடுக்க முடியும் என்பது சட்டம். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தானாகக் குறையும். யாரும் ரம்பத்தைத் தூக்க வேண்டியதில்லை. ‘அழகான மசோதா’ முதியவர்களுக்கு 6,000 டாலர் வரிக்கழிவு கொடுத்தது. அந்த நிதிக்கு வந்துகொண்டிருந்த வரி அதனால் குறையும் என்பதால், தீர்ந்துபோகும் நாளைத் தலைமைக் கணக்கீட்டாளர் 2032-இன் கடைசிக் காலாண்டுக்கு முன்னுக்கு இழுத்தார். அதே காலாண்டில் அதிபர் தேர்தல் வருகிறது. 2026-இல் வெல்லும் செனட்டர்களின் பதவிக்காலம் முடிவது 2033 ஜனவரி 3.