தண்ணீரில் இறங்கும் விமானமும் தண்ணீரில்லாப் பாலாறும்

தரையில் இறங்கும் விமானத்தை அறிவோம். தண்ணீரில் இறங்கும் விமானமும் உண்டு. சக்கரத்துக்குப் பதில் மிதவை, ஓடுபாதைக்குப் பதில் ஏரி! இது நேற்று முளைத்த புதுமையல்ல. இரண்டாம் உலகப் போரின்போதே சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷாரின் கேட்டலினா விமானங்கள் இறங்கின, ஏறின. அன்று நாடு அடிமை நாடு. ஏரிக்கரை மக்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் வெள்ளையனுக்கு இல்லை.

இன்று நாடு நம்முடையது. ஆகவே கேட்கிறோம்: விமானம் யாருக்கு? செலவு யாருடையது? தண்ணீர் யாருடையது?

மாலத்தீவைக் காட்டுவர் சிலர். காட்டட்டும். கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கிடையே பறக்க அங்கே நீர்விமானம் தேவைதான். இலங்கையில் 2013இல் தொடங்கிய சினமன் ஏர் நிறுவனமும் அட்டவணைப்படி விமானம் விட்டது, தனியாக வாடகைக்கும் விட்டது. இரு இடத்திலும் கட்டணம் கொடுப்பவர் பெரும்பாலும் பணம் படைத்த சுற்றுலாப் பயணி. அதனால் கணக்கு ஒத்துப்போகிறது.

இங்கே? 2010 டிசம்பரில் அந்தமானுக்கென 'ஜல் ஹன்ஸ்' வந்தது. எட்டுப் பேர் அமரும் விமானம். அது நிலைக்கவில்லை. 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் சபர்மதி ஆற்றுக்கும் படேல் சிலைக்கும் இடையே சேவை தொடங்கிற்று. பிரதமரே ஏறிப் பறந்தார். விமானம் இறங்குவதற்காகக் குளத்திலிருந்த முதலைகளைக்கூடப் பிடித்து அகற்றினர். 2021 ஏப்ரலில் சேவை நின்றது. ஆறு மாத ஆயுள்!

ஏன் இந்தக் கதி? இருக்கை பத்தோ இருபதோதான். பகல் வெளிச்சத்தில்தான் பறக்கலாம். உப்புநீர் பட்டால் உலோகம் அரிக்கும், நன்னீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். விமானிக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கட்டணம் போதாத இடத்தை 'உதான்' மானியம் நிரப்புகிறது. அதில் மாநில அரசுக்கும் பங்குண்டு. மாநிலத்தின் பங்கு என்றால் யார் பணம்? தீப்பெட்டி வாங்குகிறவனும் வரி கட்டுகிறான், தோழர்களே!

கேரளத்தைப் பாருங்கள். 2013 ஜூனில் அஷ்டமுடிக் காயலில் நீர்விமானத்தைத் தொடங்கி வைத்தார் முதல்வர் உம்மன் சாண்டி. ஆலப்புழையில் அது இறங்க இருந்த காயலில் மீனவர்கள் படகுகளோடு திரண்டனர். வலை வீசும் நீரில் விமானம் இறங்கினால் வயிறு என்னாவது என்று கேட்டனர். திட்டம் முடங்கிற்று. 2024 நவம்பர் 11 அன்று கொச்சியிலிருந்து மாட்டுப்பெட்டி அணைக்குச் சோதனைப் பயணம் நடந்தது. மீண்டும் மீனவர் எதிர்ப்பு. யானைகள் நடமாடும் இடம் என வனத்துறையும் எச்சரித்தது. ஆட்சி மாறியது, கேள்வி மாறவில்லை.

ஆம்பூர்த் தொழிலாளிக்கும் வாணியம்பாடித் தொழிலாளிக்கும் இதில் என்ன அக்கறை என்கிறீர்களா? கேளாமல் எடுக்கப்பட்ட தண்ணீரின் கதை நம்மைவிட யாருக்குத் தெரியும்? தோல் நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. அந்தச் சோற்றைப் பொங்கத் தண்ணீரை விலைக்கு வாங்க வைத்தது, முதலாளி கணக்கில் ஏறாத கழிவு. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996இல் கூறிற்று. 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக மறுபடியும் கூற வேண்டி வந்தது. இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்! பிறந்த பிள்ளை வளர்ந்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் காலம்!

வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுபாதையைச் செப்பனிட்டார்கள், முனையம் கட்டினார்கள். ஆண்டுகள் பறந்தன, விமானம் பறக்கவில்லை.

விமானமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வரட்டும், பறக்கட்டும். தீவில் நோயாளியைத் தூக்கிச் செல்லும் விமானமென்றால் மாலையிட்டு வரவேற்போம். ஆனால் ஏரியில் மிதவை படுவதற்கு முன்னே, அந்த ஏரியால் வாழ்பவனைக் கேட்க வேண்டும். மானியம் நின்ற மறுநாளும் சேவை நிற்குமா, நிலைக்குமா என்பதைக் கணக்கோடு சொல்ல வேண்டும்.

மேலேயிருந்து பார்ப்பவனுக்கு ஏரி வெறும் இறங்குதளம். கரையில் நிற்பவனுக்கு அது குடம், அது வலை, அது வயல். கரையில் நிற்பவனின் குரல் முதலில் கேட்கட்டும்!