சாத்தனூரில் ஒரு விடுமுறை



கோடை விடுமுறையில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து பிள்ளைகளுடன் சாத்தனூர் அணைக்குப் போனோம். சின்னவர்கள் முதலைப் பண்ணைக்கு ஓடினார்கள். 6 மாதம் முன்பு நாங்கள் தத்தெடுத்த 14 வயது மகனோ சாப்பாட்டுத் தூக்கை இறக்கி வைக்காமல் ஒதுங்கி நின்றான்.

தத்தெடுத்தது எப்படி என்று கேட்கிறீர்கள். 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி கார்டியனாக இருக்கலாம். பிள்ளைக்குச் சொத்துரிமை கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம்தான் (2000, திருத்தம் 2006) எல்லா மதத்தாருக்கும் வழி திறந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 வயது நிறையாத பிள்ளை வரை தத்தெடுக்கலாம். வளர்ந்த பிள்ளையின் சம்மதம் வேண்டும். உத்தரவு கலெக்டர் தருகிறார்.

சம்மதம் கொடுத்த பிள்ளை இன்னும் எங்களை 'சார், டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறான். சாயங்காலம் தங்கச்சி தூக்கைப் பிடுங்கி, "அண்ணா, போட்டோவுக்கு வா" என்றாள். வந்து ஓரமாக நின்றான்.