பட்டியலின் கடைசி வரி
வானத்தில் வேலை – தொடர் 14

அமெரிக்காவில் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் பைலட்டாகச் சேருகிறவருக்கு, சேர்ந்த சில நாட்களுக்குள் ஓர் எண் வந்துவிடும். சீனியாரிட்டி எண். கம்பெனியில் பன்னிரண்டாயிரம் பைலட்டுகள் இருந்தால், இவருடையது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பல இடங்களில் வயதை வைத்துத் தீர்மானிப்பார்கள். மூத்தவருக்கு முந்தைய எண். அதன் பிறகு அவரது தொழில் வாழ்க்கை முழுவதும் அந்த எண்தான் பேசும். எந்த விமானம் ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பதா வானத்தில் இருப்பதா, கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கு எப்போது மாறுவது எல்லாமே அதன்படிதான். ஆள்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்துதான் கழிப்பார்கள். கம்பெனி மாறினால் எண் போய்விடும். இருபது வருடம் கேப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

அந்தக் கடைசி வரியில் நிற்பவர்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. முதல் ஒரு வருடம் புரொபேஷன், அதாவது தகுதிகாண் பருவம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது 12 மாதம். அதற்குள் கம்பெனி அவரைக் காரணம் சொல்லாமலேயே நீக்கிவிடலாம்.

ஆள்குறைப்பில் வெளியே போகிறவருக்குத் திரும்ப அழைக்கப்படும் உரிமை இருக்கிறது. நிலைமை சீரானதும் அவருடைய எண்ணோடு அவரைக் கூப்பிட்டாகவேண்டும். தகுதிகாண் பருவத்தில் நீக்கப்பட்டவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இதன் பின்னால் உள்ள சட்டம் விமானத்துக்காக எழுதப்பட்டதல்ல. 1926-ல் ரயில்வே தொழிலாளர்களுக்காக வந்த சட்டத்தை 1936-ல் விமானத் தொழிலுக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒரு பைலட்டைத் தண்டித்தாலோ நீக்கினாலோ அவர் முறையீடு செய்யலாம். கம்பெனி ஆட்களும் யூனியன் ஆட்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் வாரியம் அதைக் கேட்கும். இழுபறியானால் நடுவர் ஒருவர் வருவார். பல நீக்கங்கள் அந்த மேஜையில் ரத்தாகியிருக்கின்றன. ஆனால் அந்த மேஜை தகுதிகாண் பைலட்டுக்குத் திறந்திருப்பதில்லை. சம்பளக் கணக்கில் பிழை, ஓய்வு நேரம் குறைந்தது போன்றவற்றுக்கு அவர் முறையிடலாம். 'ஏன் என்னை நீக்கினீர்கள்?' என்று மட்டும் கேட்க முடியாது. யூனியன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

நம் நாட்டு அரசு ஊழியரின் நிலை இதைவிட மேல். 1974-ல் பஞ்சாபைச் சேர்ந்த இரண்டு நீதித்துறை அதிகாரிகள் தகுதிகாண் பருவத்தில் நீக்கப்பட்ட வழக்கில் (சம்ஷேர் சிங் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள்) உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆணையின் வாசகம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அதற்குள் தண்டனை ஒளிந்திருந்தால், விசாரிக்காமல் நீக்கியது செல்லாது என்றது. அமெரிக்கத் தனியார் கம்பெனியின் புதிய பைலட்டுக்கு இந்த அளவு நிழல்கூட இல்லை. காரணம் சொல்லாமலேயே வேலையை விட்டு அனுப்பலாம் என்பதுதான் அங்கே பொது விதி. இனம், மதம், பால், வயது, யூனியன் ஆதரவு போன்ற சில காரணங்களுக்காக நீக்கக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் கம்பெனியின் விருப்பம்.

கம்பெனிகளுக்கு இந்த ஒரு வருடம் எதற்குத் தேவை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் அந்தத் தேவை உண்மையானது. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. மொத்தம் 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டதென்று கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது, முன்பக்கத்தைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கேப்டன் தண்டைப் பின்னால் இழுத்தார். அவர் முன்பு பறத்தல் தேர்வுகளில் தவறியிருந்தார் என்பதும், எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. பத்து வருடம் கழித்து, 2019 பிப்ரவரி 23-ல், டெக்சாஸில் அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானம் விழுந்து அதிலிருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அதன் துணை விமானியும் முந்தைய கம்பெனிகளில் ஏற்பட்ட பயிற்சித் தோல்விகளை மறைத்தவர். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணியின் பக்கமிருந்து பார்த்தால், சந்தேகமுள்ள ஆளைச் சீக்கிரம் இனம்கண்டு விலக்குவது கம்பெனியின் கடமை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சந்தேகப்படுவது யார், எதற்காக என்பதை வெளியார் ஒருவர்கூடப் பார்க்காமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சிமுலேட்டரில் தவறினார் என்பதற்குத் தாள் இருக்கும், மதிப்பெண் இருக்கும். 'மனோபாவம் சரியில்லை' என்பதற்கு என்ன இருக்கும்? சில கம்பெனிகளில் புதியவருடன் பறந்த கேப்டன்களிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்குகிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பேனாவில் தன் பிழைப்பு இருக்கிறது என்று தெரிந்தே அந்த இளைஞர் காக்பிட்டில் உட்காருகிறார்.

அந்த இளைஞருக்கு லேசான காய்ச்சல் என்று வையுங்கள். விடியற்காலை நான்கு மணி. தளம் இருக்கும் ஊரில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், ஏழெட்டுப் பைலட்டுகளோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் கட்டில் வாடகைக்கு எடுத்துப் படுத்திருக்கிறார். தொலைபேசியை எடுத்து 'உடம்பு சரியில்லை' என்று சொல்லவேண்டும். இந்த வருடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாகிவிட்டது. விடுப்பு எடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. உடம்பு முடியாதவர் பறக்கக்கூடாது என்பது அரசின் விதியும்கூட. ஆனால் 'விடுப்பு அதிகம்' என்று யாராவது குறித்து வைத்தால், அதைக் கேள்வி கேட்க அவருக்கு மேஜை இல்லை. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சீருடையை மாட்டிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 3407-ன் துணை விமானியும் ஜலதோஷத்தோடுதான் அன்று பறந்தார். நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். அவர் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் அப்போதுதான் தாண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து வாய் திறக்காமல் இருப்பது. 1978 டிசம்பர் 28-ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ம் எண் விமானம், சக்கரக் கோளாறைச் சரிபார்ப்பதற்காகப் போர்ட்லாந்து நகரை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்களுக்குத் தெரியும். சொன்னார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. கேப்டன் காதில் அது ஏறவில்லை. அவர்கள் புதியவர்கள் அல்லர். பழகியவர்களுக்கே அந்தத் தயக்கம். அதிலிருந்து பாடம் கற்று, 1981-ல் யுனைடெட் கம்பெனிதான் குழுவாக முடிவெடுக்கும் பயிற்சியை முதலில் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் அது கட்டாயம். 'தப்பென்று பட்டால் கேப்டனிடம் சொல், கேட்காவிட்டால் மறுபடி சொல்' என்று புதியவருக்கு வகுப்பில் கற்றுத் தருகிறார்கள். அதே புதியவரை, கேப்டன் மனம் கோணினால் விளக்கம் கேட்காமல் வெளியே அனுப்பக்கூடிய ஒப்பந்தத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது.

நீக்கம் அந்தக் கம்பெனியோடு முடிவதும் இல்லை. பழைய முதலாளியிடம் பதிவேடு கேட்டு வாங்கவேண்டும் என்று 1996-லேயே சட்டம் வந்தது. 2021-ல் இறுதி வடிவம் பெற்ற விதியின்படி, பைலட்டின் பயிற்சி விவரம், தண்டனை விவரம், வேலையை விட்டுப் பிரிந்த விவரம் எல்லாம் அரசின் மின்னணுப் பதிவேட்டில் அவர் ஆயுள் வரை இருக்கும். வேலைக்கு எடுக்கும் கம்பெனி அதைப் பார்த்தே ஆகவேண்டும். அட்லஸ் விபத்தை நினைத்தால் இது தேவையான விதிதான். அப்படி ஆயுள் முழுக்கத் தொடரும் ஒரு வரியை எழுதுவதற்கு முன், பயிற்சித் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், யூனியனிலிருந்து ஒருவர் என இரண்டு பேராவது அந்த இளைஞரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டால் எந்தக் கம்பெனியும் நொடித்துவிடாது.

கடைசி வரியில் நிற்பவர்களுக்காகப் பட்டியலின் மேல்வரிக்காரர்கள் நின்ற கதை ஒன்று உண்டு. இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

1985. அமெரிக்கத் தொழிலாளிக்கு மோசமான காலம். நான்கு வருடம் முன்புதான் அதிபர் ரீகன், வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களை ஒரே வீச்சில் நீக்கியிருந்தார். 1983-ல் பிராங்க் லொரென்சோவின் கான்டினென்டல் கம்பெனி திவால் மனு போட்டு, அதைக் காட்டி ஒப்பந்தங்களைக் கழற்றிவிட்டுப் பாதிச் சம்பளத்துக்கு ஆள் பிடித்தது. அதே வருடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும் குறைந்த சம்பளம் என்ற இரட்டை முறை வந்தது. யுனைடெட்டின் தலைவர் ரிச்சர்ட் ஃபெர்ரிஸ் தனக்கும் அது வேண்டும் என்றார். பேச்சுவார்த்தை முறிந்தது. மே 17 நள்ளிரவில் கம்பெனியின் சுமார் 5,000 பைலட்டுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

அதற்கு முன்பே கம்பெனி ஒரு காரியம் செய்திருந்தது. 570 புதிய பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருந்தது. முறையான நியமனம் மட்டும் கொடுக்கவில்லை. அவர்களுக்குச் சீனியாரிட்டி எண் இல்லை, யூனியன் அட்டை இல்லை. தகுதிகாண் பருவம்கூட இன்னும் தொடங்கவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியதும், வந்து வேலையில் சேருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டது கம்பெனி. வாசலில் மறியல் நடக்கிறது. உள்ளே போனால் வாழ்நாள் கனவான வேலை. போகாவிட்டால் அது கிடைக்குமென்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. அந்த வயதில், குடும்பத்தோடு, கையில் வேறு வேலை இல்லாமல் நிற்பவர் உள்ளே போயிருந்தால் யார் அவரைப் பழித்திருக்க முடியும்?

மிகச் சிலரைத் தவிர யாரும் போகவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது. அந்த யூனியனில் அவர்கள் உறுப்பினர்கள்கூட அல்லர். அவர்களுக்கு எதுவும் செய்ய அதற்குக் கடமையும் இல்லை. 

அடுத்து நடந்ததுதான் முக்கியம். சம்பளத் தகராறு சில நாட்களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டு மூத்தவர்கள் உள்ளே போயிருக்கலாம். ஆனால் கம்பெனி, வராத அந்தப் புதியவர்களை எடுக்கமாட்டேன் என்றது. வேலைநிறுத்தத்தின்போது உள்ளே வந்தவர்களுக்குச் சீனியாரிட்டியில் சலுகை என்றும் சொன்னது. மூத்தவர்கள் திரும்பவில்லை. தங்கள் சம்பளக் கணக்கு முடிந்த பிறகும், எண்ணே இல்லாதவர்களுக்காக வெளியே நின்றார்கள். வீட்டுக் கடன் தவணை கட்டவேண்டிய கேப்டன்களும், கல்லூரியில் பிள்ளைகள் படிக்கும் கேப்டன்களும் அதில் இருந்தார்கள். மொத்தம் 29 நாள். கடைசியில், தீராத விஷயங்களை நீதிமன்றத்தின் கையில் விட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

கம்பெனியின் வாதம் எளிமையானது. அவர்கள் எங்கள் ஊழியர்களே அல்லர், பயிற்சி பெற்ற விண்ணப்பதாரர்கள், எடுப்பதும் விடுவதும் எங்கள் இஷ்டம் என்றது. சிகாகோவின் மத்திய மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலைநிறுத்தத்தை மதித்தார்கள் என்பதற்காக அவர்களுக்கு வேலை மறுப்பது அந்த 1926-ம் வருடச் சட்டத்துக்கே விரோதம் என்றது. 1986-ல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

570 பேருக்கும் அதன் மூலம் பட்டியலில் இடம் கிடைத்தது. அந்த எண்ணையே அவர்களுக்குப் பெயராக வைத்து, யுனைடெட் பைலட்டுகள் இன்றும் அவர்களை 'ஃபைவ் செவன்டி' என்றுதான் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் தகுதிகாண் பைலட்டுக்கு முறையீடு இல்லை என்ற ஷரத்து மட்டும் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் சம்பளம், ஓய்வு, ஓய்வூதியம் என்று வரிசையாகப் பேசி முடிப்பதற்குள், அந்த முதல் வருடத்துக்காரர்களின் முறை வருவதே இல்லை.

(அடுத்த வாரம்: ஒரே காக்பிட், இரண்டு சம்பளம். 1983-ல் வந்த இரட்டைச் சம்பள முறை எப்படி முடிவுக்கு வந்தது?)