ஒரு பலகையின் கதை

ஆங்கிலம் பயிலும் மாணவரை அச்சுறுத்துவன நீண்ட சொற்களே என்று பலரும் எண்ணுகின்றனர். ஆசிரியத் தொழிலில் நான் கண்டது வேறு. நீண்ட சொல்லைக் கண்ட மாணவன் அகராதியைத் திறக்கிறான், பொருளைக் காண்கிறான், அத்துடன் அவன் கவலை தீர்ந்துவிடுகிறது. அவனைத் திகைக்க வைப்பவை, எளிய உருவத்தோடு வந்து இடத்துக்கு இடம் பொருள் மாறும் சின்னஞ்சிறு சொற்களே. அத்தகைய சொற்களுள் ஒன்றை இன்று ஆராய்வோம். அது 'போர்டு' என்னும் சொல்.

'போர்டு என்றால் பலகை' என்று இளம் வகுப்பில் கற்ற ஒருவன், 'போர்டிங் ஸ்கூல்' என்பதைப் 'பலகைப் பள்ளி' என்று மொழிபெயர்த்தால் நாம் நகைக்கிறோம். ஆனால், கற்ற ஒரே பொருளைக் கொண்டு அவன் செய்தது முறையானதே. 'ரயில்வே போர்டு' என்பது ஒரு குழு. 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்பது உணவும் உறைவிடமும். கப்பலில் இருப்பதும் 'ஆன் போர்டு'. இவற்றை ஒன்றோடொன்று தொடர்பற்ற பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னால் எந்த மாணவனுக்கும் சோர்வே உண்டாகும். உறவை எடுத்துக்காட்டினாலோ, மனப்பாடத்திற்கே வேலை இல்லை.

பழைய ஆங்கிலத்தில் 'போர்டு' என்பது அறுத்த மரப் பலகையைக் குறித்தது. கதை அங்கிருந்து தொடங்குகிறது. இடைக்கால இங்கிலாந்தில், பெரிய இல்லங்களிலும்கூட, நிலையாக ஓரிடத்தில் நிற்கும் உணவு மேசை அரிதாகவே இருந்தது. கூடத்தில் மரத்தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீண்ட பலகைகளைப் பரப்புவர். உண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து ஒருபுறம் வைத்துவிடுவர். ஆகவே, பலகையைக் குறித்த சொல் உண்ணும் மேசையையும் குறித்தது. பின்னர் மேசையிலிருந்து, மேசைமேல் வைக்கப்படும் உணவுக்கும் அப்பெயர் சென்றது.

இது நமக்குப் புதிய செய்தியா? 'இலை போட்டாயிற்று' என்று அழைத்தால், உணவு ஆயத்தமாகிவிட்டது என்று நாம் அறிகிறோம். திருமண வீட்டில் 'எத்தனை இலை விழுந்தது?' என்று கேட்டால், எத்தனை பேர் உண்டனர் என்பதே பொருள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவதை நம் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. தமிழ் வகுப்பில் கற்ற அந்த ஒரே திறவுகோல் இந்த ஆங்கிலப் பூட்டையும் திறக்கிறது. பொருள் கொடுத்து மற்றொருவர் மேசையில் உண்பவன் 'போர்டர்' ஆனான். மாணவர்க்கு உணவும் தங்குமிடமும் அளிக்கும் பள்ளி 'போர்டிங் ஸ்கூல்' ஆயிற்று. 'கப்போர்டு' என்பதும் தொடக்கத்தில் கோப்பைகளை அடுக்கி வைக்கும் மேசையே. கதவு வைத்த அலமாரியாக அது மாறியது பிற்காலத்தில்தான். இன்று அச்சொல்லை ஒலிக்கும்போது நடுவிலுள்ள எழுத்தொன்று மறைந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டல் மட்டும் பழைய கோப்பையையும் பலகையையும் மறவாமல் வைத்திருக்கிறது.

மேசையைச் சுற்றி உண்பதற்கு மட்டுமா அமர்கின்றனர்? கூடிப் பேசி முடிவு செய்யவும் அமர்கின்றனர். ஆலோசனை நடைபெற்ற மேசையின் பெயர், அதைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு ஆயிற்று. 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊர் என்பது அவ்வூர் மக்களைக் குறிப்பது போன்றதே இது. இவ்வாறு பிறந்த 'போர்டு' ஆங்கில ஆட்சியோடு நம் நாட்டிற்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் இயங்கின. முதியோர் சிலர் தாம் பயின்ற பள்ளியைப் 'போர்டு ஹைஸ்கூல்' என்று இன்றும் குறிப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கரும்பலகைக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. ஜில்லா போர்டு நடத்திய பள்ளி என்பதே பொருள்.

இப்பொருளில் வரும் போர்டுக்கு நாம் இன்று வழங்கும் தமிழ்ச் சொல் 'வாரியம்'. வீட்டுவசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் என்கிறோம். இது நமக்குப் பழக்கமான பழஞ்சொல். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய ஊர்க் குழுக்களைக் குறிப்பிடுகின்றன. வேற்றுமொழிச் சொல்லின் பொருளைத் தெளிவாக உணர்ந்தவர்களுக்கே, அதற்கு ஈடான சொல்லைத் தம் மொழிக் கருவூலத்திலிருந்து எடுத்து வழங்க இயலும்.

மேசை இன்னொரு தொடரையும் தந்திருக்கிறது. சீட்டாடுபவன் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனால் சூது செய்ய வாய்ப்புண்டு; மேலே வைத்திருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. ஆகவே, ஒளிவு மறைவற்ற நேர்மையான நடத்தை 'அபவ் போர்டு' எனப்பட்டது.

இனிக் கப்பலுக்கு வருவோம். கப்பலின் பக்கம் என்ற பொருளும் பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல்லுக்கு உண்டு. தொடக்கத்தில் இரு வேறு சொற்களாக இருந்து பின்னர் ஒன்றாகக் கலந்தன என்று கருதும் மொழிநூலாரும் உளர். பக்கச் சுவர்களுக்கு உள்ளே இருப்பவன் 'ஆன் போர்டு'. பக்கத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தவன் 'ஓவர்போர்டு'. கப்பலில் ஏறுவதற்கு வழங்கிய சொல் பின்னர் ரயிலுக்கும், அதன்பின் விமானத்திற்கும் சென்றது. விமான நிலையத்தில் தரப்படும் 'போர்டிங் பாஸ்' கப்பல் தந்த சொத்து.

கப்பலின் வலப்பக்கத்திற்கு 'ஸ்டார்போர்டு' என்று பெயர். இதில் விண்மீன் எதுவும் இல்லை. பண்டை வட ஐரோப்பியக் கப்பல்களில், திசை திருப்பும் பெருந்துடுப்பு பின்புறத்தில் வலப்பக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தது. நார்வே நாட்டில் 1880-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில் இதனை நேரிலேயே காணலாம். திருப்புதலைக் குறிக்கும் 'ஸ்டியர்' என்னும் சொல்லே திரிந்து 'ஸ்டார்' ஆயிற்று. இடப்பக்கத்தை 'லார்போர்டு' என்றனர். காற்றின் இரைச்சலில் இவ்விரு பெயர்களும் ஒன்றுபோல ஒலித்து மாலுமிகளைக் குழப்பக்கூடியவை. வலமா இடமா என்ற ஐயம் கப்பலையே பாறையில் மோதச் செய்துவிடலாம் அல்லவா? 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, 'லார்போர்டு' என்பதை விடுத்துப் 'போர்ட்' என்றே வழங்கவேண்டும் என்று ஆணையிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சொற்பிறப்பு ஆராய்ச்சி சுவையானது. ஆதலாலேயே பொய்க் கதைகளும் அதில் மலிந்துள்ளன. பகட்டான வாழ்வைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இந்தியாவிற்குக் கப்பலேறிய செல்வர்கள், வெயிலைத் தவிர்க்க, வரும்போது இடப்பக்க அறையையும் திரும்பும்போது வலப்பக்க அறையையும் கேட்டுப் பெற்றனராம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதலெழுத்துகள் அவர்களது சீட்டில் பொறிக்கப்பட்டனவாம். அவை சேர்ந்தே அச்சொல் உருவாயிற்றாம். கேட்க இனிக்கிறது. ஆனால், அவ்வாறு பொறித்த சீட்டு ஒன்றேனும் கிடைத்ததில்லை. 'ஸ்டார்போர்டு' கதைக்குக் கப்பலே சான்று நிற்கிறது. இதற்குச் சான்று இல்லை. இனிமை வேறு, சான்று வேறு என்று பிரித்தறியும் பழக்கம் சொல்லாராய்ச்சிக்கு மட்டுமன்றி, செய்தித்தாள் படிப்பதற்கும் மேடைப்பேச்சுக் கேட்பதற்கும் உங்களுக்குத் துணைசெய்யும்.

மாணவ நண்பர்களே, பல பொருள் தரும் ஒரு சொல்லை இனிக் காணும்போது அஞ்சவேண்டா. அது முதலில் எந்தப் பொருளைக் குறித்தது, அதிலிருந்து எதற்கு ஆகிவந்தது, அதற்குச் சான்று என்ன என்று மூன்று வினாக்களை எழுப்புங்கள். வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத மாணவனும், நல்ல அகராதி ஒன்று கையில் இருந்தால், இவ்வினாக்களைக் கொண்டு எவர்க்கும் குறையாத புலமை பெறலாம். பயிற்சிக்காக 'பேங்க்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கல் வாங்கல் செய்யும் நிலையத்திற்கு அப்பெயர் எவ்வாறு வந்தது? இத்தாலிய நாட்டில் நாணயம் மாற்றுவோர் எதன்முன் அமர்ந்து தொழில் செய்தனர் என்று தேடிப் பாருங்கள். அங்கேயும் உங்களுக்கு ஒரு பலகை கிடைக்கும்.